ஆடாத ஆட்டத்தில் ஒரு கோல்

பென்யூரா
செப்டம்பர் 18, ஞாயிறு

அன்புள்ள சைமோனே,

உன் அம்மாவிடம் பண்ணை முகவரியை வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். லுபேயின் போட்டோ ஒன்றை உனக்கு அனுப்ப வேண்டும் என்று பொய் சொன்னேன். அவர் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

என்னிடம் இப்போது போன் இல்லை. அதனால்தான் கடிதம். குளியல் தொட்டிக்குள் கம்பளியை விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் இரவில் விளக்கு எரிந்தால் யாரும் கேள்வி கேட்காத இடம் இது ஒன்றுதான். குழாய் சொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் வெளியே யாரோ நடப்பது போல இருக்கிறது.

இந்த மாதம் முதல் ஞாயிறு எங்களுக்கு கோல்ட்ஃபோர்டு டீமோடு கால்பந்து ஆட்டம் இருந்தது. உனக்கு நினைவிருக்கும், நீ ஊரைவிட்டுக் கிளம்பியது அதற்கடுத்த வாரம்தான். ஆறு ஏறி கிரவுண்டுக்குள் வந்துவிட்டதால் முந்தின நாளே ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஞாயிறு முழுக்க நான் பப்பாவோடு மணல் மூட்டை கட்டினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது இன்னும் ஆறவில்லை.

அன்று மாலையிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் என் போனுக்கு எழுத ஆரம்பித்தார்கள். ‘பதினாலு, உன்னால என் மாசச் சம்பளம் போச்சு.’ ‘பதினாலு, அந்தக் கால் இருந்தாத்தானே கோல் போடுவ?’ ஒருவன் எங்கள் வீட்டு கேட்டின் படத்தை அனுப்பினான். அதன் கீழே எதுவும் எழுதவில்லை. பப்பா போன மாதக் கடைசியில்தான் கேட்டுக்கு நீலம் அடிக்க ஆரம்பித்து, வெள்ள எச்சரிக்கை வந்ததும் பாதியில் விட்டிருந்தார். படத்தில் கேட் பாதி நீலமாக இருந்தது.

புதன்கிழமை விளையாட்டுச் சூதாட்டத்தைக் கண்காணிக்கிற அலுவலகத்திலிருந்து மிஸ் காடார்ட் என்று ஒருவர் வந்தார்.

“செட்டா, நாலாம் தேதி மேட்ச்ல நீ எந்த இடத்துல ஆடின?”

“மேட்சே நடக்கலையே மிஸ். கிரவுண்டு தண்ணிக்குள்ள இருந்துச்சு.”

“அப்போ இது என்ன?”

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஏதோ வெளிநாட்டுப் பந்தயத் தளம். எங்கள் டீம் ஒன்று, கோல்ட்ஃபோர்டு பூஜ்யம். எழுபத்தோராவது நிமிடத்தில் கோல், போட்டது பதினான்காம் எண். கடைசி இடத்தில் இருக்கிற நாங்கள் முதலிடத்து டீமை ஜெயித்திருக்கிறோம், கோல்ட்ஃபோர்டு மேல் கட்டியவர்கள் எல்லாரும் தோற்றிருக்கிறார்கள். நடக்காத ஆட்டத்தை நடந்ததாகக் காட்டுவதற்கு அவர்கள் அலுவலகத்தில் பேய் மேட்ச் என்று பெயராம்.

பப்பா மேசையைத் தட்டினார். “ஸ்கூல் பிள்ளைங்க ஆடறதுல பந்தயம் கட்டறானுங்களா? இந்த நாட்டுல சட்டம்னு ஒண்ணு இல்லையா?”

“இருக்கு சார். எதுல கட்டலாம்னு பட்டியலே இருக்கு. குதிரை இருக்கு, நாய் இருக்கு, பெரிய லீக் இருக்கு. பதினெட்டு வயசு ஆகாதவங்க ஆடற ஆட்டத்துல கட்டவே கூடாது.”

“அப்புறம்?”

“பட்டியல்ல இருக்கற ஆட்டத்தைக் கண்காணிக்க எங்ககிட்ட ஆள் இருக்கு. பட்டியல்லயே இல்லாததை யார் பார்க்கறது? வெளிநாட்டுக்காரன் பார்த்துட்டான்.”

பிறகு ஆடியவர்கள் பெயரைக் காட்டினார். என் பெயர் அதில் இல்லை. பதினான்குக்கு நேரே எல். ஃபொனுவா என்று இருந்தது. யார் இது என்று மிஸ் காடார்ட் கேட்டார். மம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மார்ச் மாதம் ஆற்றங்கரையில் காற்றே இல்லாத ஒரு மதியத்தில் யூகலிப்டஸ் கிளை முறிந்து விழுந்து செத்துப்போன பெண் என்று நான்தான் சொன்னேன். எவனோ பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருப்பான் என்றார் அவர். ஆனால் பழைய பட்டியல் எல்லாவற்றிலும் லுபே ஒன்பது. பதினான்கு என் ஜெர்ஸி. கிளப் பக்கத்தில் பதினான்கு என்று போட்டு என் படம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் என்னைத் தேடி வருகிறார்கள்.

போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இதைச் செய்தவன் யார் என்று தெரியும்வரை மாநில அணித் தேர்வுக்கு நான் போகக் கூடாது. நானும் இதில் கூட்டு என்று நினைக்கிறார்கள்.

யாரிடமும் பேசக் கூடாது என்று மிஸ் காடார்ட் சொன்னார். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் தங்கை கோல் போட்டிருக்கிறாள், சைமோனே. இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பதில் எழுதினால் மிஸஸ் ஹாலொரன் பேக்கரி முகவரிக்கு எழுது. சனிக்கிழமைகளில் அங்கேதான் வேலை செய்கிறேன்.

செட்டா


டார்கூரா பண்ணை
செப்டம்பர் 29

செட்டா,

இங்கே தபால் விமானம் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். உன் கடிதத்தை மாட்டுப்பட்டிக்குப் பின்னால் நின்று படித்தேன்.

நான் இங்கே வந்தது வேலைக்காக. எதற்கும் பயந்து வரவில்லை. ஊரில் யாராவது அப்படிப் பேசினால் நம்பாதே.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. கறுப்புத் துணியையும், எங்கள் தீவு வழக்கப்படி இடுப்பில் சுற்றிய துக்கப் பாயையும் இன்னும் அவர் அவிழ்க்கவில்லை.

இரவில் நாயைக் கட்டாமல் விடு. ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்காதே. பேக்கரிக்குத் தனியாக நடந்து போகாதே. பாதி நீல கேட் என்று நீ எழுதிய இடத்துக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெயர் விஷயத்தை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கேயோ உட்கார்ந்து ஒருவன் தட்டியிருக்கிறான். கம்பத்தில் பட்டுத் திரும்பி உள்ளே போன பந்து. அதற்கு யார் பெயரை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். உன் பெயரும் வந்திருக்கலாம், வரவில்லை. அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். தெரியாவிட்டால் விடு. அந்த ஆட்டம் இன்னும் அந்தத் தளத்தில் இருக்கிறதா, அழித்துவிட்டார்களா?

இங்கே இன்னும் தூசிதான். மழை உங்கள் பக்கம் மட்டும் பெய்கிறது போலிருக்கிறது.

சைமோனே


பென்யூரா
அக்டோபர் 9

சைமோனே,

நான் கம்பத்தைப் பற்றி எழுதவே இல்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. மிஸ் காடார்ட் காட்டியதில் ‘கோல், 14’ என்று மட்டும்தான் இருந்தது. பந்து எங்கே பட்டது, எப்படிப் போனது, ஒன்றும் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?

போன வருடம் முழுக்க நீ கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாய். நாங்கள் ஓடி ஓடி மூச்சு வாங்குவோம், நீ குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருப்பாய். லுபே சிரிப்பாள். “பாருடி எங்கண்ணன. கேர்ள் ஃப்ரெண்டுக்கு மேட்ச் கதை அனுப்பறான். பாவம் அந்தப் பொண்ணு, காதல் மெசேஜ்னு திறந்து பார்த்தா ‘கார்னர்’னு இருக்கும்.”

அந்தப் பெண் யார் என்று இப்போது புரிகிறது.

இங்கே நடப்பதைக் கேள். பேக்கரிக்கு ஒருவன் போன் செய்து ‘பதினாலு இருக்காளா’ என்று கேட்டிருக்கிறான். மிஸஸ் ஹாலொரன், “பதினாலு தீர்ந்துபோச்சுப்பா, பன்னெண்டு பன்னு வேணா கட்டித் தரவா?” என்று சொல்லி வைத்துவிட்டார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு போய்க் கடைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார், பட்டப்பகலில்.

எங்கள் தபால் பெட்டியில் சிவப்பு பெயின்ட்டில் 14 என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பப்பா தின்னர் போட்டுத் துடைத்தார். எண் போகவில்லை, பெரிதாகிவிட்டது. அவர் இப்போது கட்டிலில் படுப்பதில்லை, கதவருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ட்ரெஸ்ஸிங் ரூமில் கெய்லி எல்லார் முன்னாலும் கேட்டாள், “ஏய் செட்டா, எவ்ளோடி வாங்கின? எங்களுக்கும் ஒரு ஐஸ்கிரீமாவது வாங்கித் தரக் கூடாதா?” யாரும் அவளை அடக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். லுபே என் ஜெர்ஸியை வாராவாரம் கேட்பாள். “குடுடி. ஒரே ஒரு மேட்ச்.” போன சீசன் கடைசி ஆட்டத்தன்று நான் கிரவுண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன், “நான் செத்தா எடுத்துக்கோ.” செத்தது நான் இல்லை. எண்ணை எடுத்துக்கொண்டாள். குழாய் சொட்டும்போது இதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது.

நீதானா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுது. இரண்டுக்கும் நடுவில் எதையும் எழுதாதே.

செட்டா


டார்கூரா பண்ணை
அக்டோபர் 20

செட்டா,

ஆமாம்.

இதை எழுதுவதற்கு முன் நிறையக் காகிதம் கிழித்தேன். இப்போது முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருடம் ஒருவன் போனில் கூப்பிட்டான். “சும்மா உட்கார்ந்து மேட்ச் பாரு தம்பி. கோலா, கார்னரா, கார்டா, நடக்க நடக்க ஆப்ல பட்டனைத் தட்டு. வேலை அவ்வளவுதான்.” எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள் என்றேன். “எங்க பந்தயத் தளத்துல இது பெண்கள் முதல் பிரிவுன்னுதான் இருக்கு. நீ வயசு கேட்கற ஆளா, பட்டன் தட்டற ஆளா?” என்றான். எனக்குச் சட்டம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும்.

கூலிக்காக ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வயது வந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவி பார்க்க மாட்டோம். கேலி பேச மாட்டோம். அவள் அறை வாசலை நான் தாண்டியதில்லை, இறந்த பிறகும் தாண்டவில்லை. அவள் ஆடுவதை எல்லைக்கோட்டில் நின்று பார்த்துப் பெயர் சொல்லிக் கத்தினால் என் மாமாக்கள் என்னை உயிரோடு விட மாட்டார்கள். ஆனால் மரத்தடியில் போனோடு உட்கார்ந்திருப்பவன் வேலை செய்கிறவன். அவனை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் அவளுடைய ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்தேன். அவள் ஒரு நாளும் என் பக்கம் கையசைத்ததில்லை. அது மரியாதை. கேலியெல்லாம் உன்னிடம் செய்திருக்கிறாள் என்று உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

மார்ச்சுக்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டம் தொடங்கும் முன் டீம் யார் யார் என்று ஆப் கேட்கும். வாராவாரம் அவள் இல்லாமல் தட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் இல்லை என்பதற்கு ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்தத்தான் போனேன். சாலையை அடைத்திருந்தார்கள். காரை விட்டுவிட்டுக் கரை மேல் நடந்தேன். கோல் கம்பங்கள் பாதிவரை தண்ணீரில் நின்றன. பெனால்டி இடத்தில் இரண்டு கூழைக்கடாக்கள் மிதந்தன. சத்தமே இல்லை. ஆப் கேட்டது, டீம்?

எல். ஃபொனுவா என்று தட்டினேன். அவள் பெயரை அதற்குமுன் நான் எங்கேயும் எழுதியதில்லை. எண் கேட்டது. நீங்கள் இருவரும் அந்த ஜெர்ஸிக்காக அடித்துக்கொண்டது மரத்தடிவரை கேட்டிருக்கிறது. அவளுக்கு அது ஏன் வேண்டும் என்று தெரியாது. வேண்டும் என்பது தெரியும். கொடுத்தேன். உன் பெயரை எடுத்துவிட்டேன்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிக்க நினைத்தேன். அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முழு நேரமும் கரையில் உட்கார்ந்திருந்தேன். கோல்ட்ஃபோர்டுக்கு இரண்டு கார்னர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நான் கொடுப்பதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தேன், அது எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. இடைவேளையில் எழுந்து கால் உதறினேன், மற்ற ஞாயிறுகளைப் போலவே.

இரண்டாம் பாதியில்தான் பந்து வந்தது. கிளப் கொட்டகைக் கதவைத் தண்ணீர் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பந்து மைதானத்தின் நடுவே மிதந்து வந்தது. காற்று இல்லை. இடது கம்பத்தில் பட்டது, நின்றது, மெதுவாகத் திரும்பி உள்ளே போனது. கூழைக்கடாக்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கின. உதைத்தது யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன், செட்டா. உண்மையாகவே பார்த்தேன்.

கோலை அழுத்தினேன். யார் என்று கேட்டது. அழுத்தினேன். கம்பத்தில் பட்டதைச் சொல்ல அந்த ஆப்பில் பட்டனே இல்லை. கோல் எல்லாருக்கும் போனது, கம்பம் எனக்கு மட்டும். பிறகு எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். முதல் தடவை. கேட்க யாரும் இல்லை.

பதினான்கு என்றால் உன் படம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

நான் போய்ச் சொன்னால் அந்த ஆட்டத்தை அழித்துவிடுவார்கள். ஒரு தடவை அவளைப் புதைத்தோம். இன்னொரு தடவை என் கையால் முடியாது. மேய்ச்சல் வெளியிலிருந்து மாடு சேர்க்கும் வேலை முடியும்வரை எனக்கு நேரம் கொடு.

சைமோனே


பென்யூரா
அக்டோபர் 27

சைமோனே,

கோச் ட்ரெவர் நேற்று என்னைக் கிரவுண்டுக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் இறங்கிவிட்டது. முழுக்கச் சேறு, செத்த மீன் நாற்றம். அவர் கொட்டகையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் கோலுக்குப் போனேன்.

பந்து வலைக்குள் இருந்தது. பாதி சேற்றில் புதைந்து.

எடுக்கவில்லை. தொடவுமில்லை. ட்ரெவர், “வெள்ளம் வந்து கோல் போட்டிருக்கு பாரு, நம்ம பிள்ளைங்களை விடப் பரவாயில்ல” என்றார். நான் வேனுக்கு ஓடிவிட்டேன்.

உன்னை நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். உன் அம்மாவிடம் மிச்சமிருப்பது நீ ஒருவன்தான், அதுவும் என் வாயால் போக வேண்டாம். ஆனால் நீ கேட்கிற நேரம் என்னிடம் இல்லை. வெள்ளை வண்டி ஒன்று இரண்டு மாலையாகப் பள்ளி வாசலில் நிற்கிறது. நான் பஸ் ஏறியதும் கிளம்பிப் பின்னாலேயே வருகிறது. பப்பா என்னை அடிலெய்டில் அத்தை வீட்டுக்கு அனுப்பப்போகிறார். “அங்க போய்ப் படி. பந்தெல்லாம் போதும். காலு முழுசா இருந்தாப் போதும் எனக்கு” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பப்பா அழுது நான் பார்த்ததில்லை. உன் ஆட்டத்தில் எனக்கு இடமே இல்லை, சைமோனே. அடி மட்டும் என்னுடையது.

பதினான்கு அவளுக்கு ஏன் வேண்டும் என்று தெரியாது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாள், முக்கியமாக உன்னிடம்.

நீ ரக்பி ஆடியபோது உன் எண் பதினான்கு. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது உன் ஆட்டங்களுக்கு வருவாளாம், பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்ப்பாளாம். முட்டி உடைந்து நீ விட்டபோது வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம். “எங்கண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல முடியாதுடி. அந்த நம்பரைப் போட்டுட்டு ஒரு தடவை அவன் முன்னாடி ஓடினாப் போதும், அவனே புரிஞ்சுக்குவான்.”

நான் ஜெர்ஸியைக் கொடுக்கவில்லை. நீ கொடுத்திருக்கிறாய், ஏன் என்று தெரியாமலே. இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்தாலும் சரி.

செட்டா


டார்கூரா பண்ணை
நவம்பர் 3

செட்டா,

விமானம் கீழே நிற்கிறது. ஓட்டுபவர் கத்துகிறார். நானும் இதில்தான் வருகிறேன்.

காலையில் பண்ணை அலுவலகத்துப் போனில் மிஸ் காடார்டிடம் பேசிவிட்டேன். முழுவதும் சொன்னேன், பந்தைத் தவிர. பந்தைச் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்கள், பிறகு மற்றதையும் நம்ப மாட்டார்கள். உன் பெயரை முதலில் சொன்னேன்: அவளுக்கு எதுவும் தெரியாது, அவள் ஆடவில்லை, அவளை நான் டீமிலேயே சேர்க்கவில்லை என்று.

அவள் என் முன்னால் ஓடினாள். எனக்குப் புரிந்தது. தாமதமாகத்தான், ஆனாலும் புரிந்தது.

அவர்கள் உன்னைக் கேட்டால் நடக்கவில்லை என்று சொல். ஒவ்வொன்றுக்கும் சொல். தயங்காதே. அழிக்கட்டும். லுபேயை நான் பார்த்துவிட்டேன்.

அவள் பெயரை எழுதிவிட்டேன், பார்.

சைமோனே


பென்யூரா
நவம்பர் 27

அன்புள்ள சைமோனே,

மெல்பர்னில் உன் மாமா வீட்டில் இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். வழக்கு பிப்ரவரியில் வருமாம். இந்தத் தடவை அவரிடம் பொய் சொல்லவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். துக்கப் பாயை அவிழ்த்து வெயிலில் காயப்போட்டிருந்தார். “என் பிள்ளை தங்கச்சிய ஆட விட்டான்னு ஒருத்தருக்கு ஜெயிலா?” என்று என்னையே கேட்டார். உன்னைச் சொல்கிறாரா தன்னைச் சொல்கிறாரா என்று புரியவில்லை.

மிஸ் காடார்ட் என் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார். ஆட்டத்தில் பதிவாகியிருந்த ஒவ்வொன்றையும் வாசித்தார்.

“கோல்ட்ஃபோர்டுக்கு கார்னர். நடந்துச்சா?”

“இல்ல மிஸ்.”

“மஞ்சள் அட்டை?”

“இல்ல மிஸ்.”

இப்படியே போனது. நீ எவ்வளவு கவனமாக ஆடியிருக்கிறாய், சைமோனே. ஒரு த்ரோ-இன்கூட விடவில்லை. எழுபத்தொன்று வந்ததும் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். அவர் ரெகார்டரை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மறுபடி ஓடவிட்டார். “எழுபத்தோராவது நிமிஷம். லுபே ஃபொனுவா கோல் போட்டாளா?”

“இல்ல மிஸ்.”

கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலமே ஆட்டத்தை அழித்து, கட்டிய பணத்தையெல்லாம் அவரவருக்குத் திருப்பிவிட்டார்களாம். ஜெயித்தவர்களிடமிருந்து திரும்ப எடுத்தும் கொண்டார்கள். கேட் படத்தை அனுப்பியவன் பக்கத்து ஊர்க்காரன், வெள்ளை வண்டியும் அவனுடையதுதான். போலீஸ் போய்ப் பேசியதும் அவன் அம்மாவே அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைத்தார். பத்தொன்பது வயது. கண்ணைப் பார்த்துப் பேசத் தெரியவில்லை. பப்பா அவனைக் கேட்டின் மிச்சப் பாதிக்கு நீலம் அடிக்கவிட்டார். நான் அடிலெய்டுக்குப் போகவில்லை. தேர்வு ஜனவரியில். போனும் நேற்று கைக்கு வந்துவிட்டது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் இதை எழுத ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் மறுபடி தொட்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இன்று ஒருவன் எழுதியிருந்தான். திட்டவில்லை. போன் எண்ணைப் பார்த்தால் ஏதோ தூர தேசம். எங்கள் மேல் கட்டி ஜெயித்த ஒரு சிலரில் ஒருவனாம். ‘பதினாலு, மேட்சே நடக்கலைன்னு சொல்லிப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டானுங்க. போனா போகுது. ஆனா நான் அந்தக் கோலைப் பார்த்தேன். அது நிஜம்தானே?’

அவன் பார்த்தது திரையில் ஒரு புள்ளி நகர்வதை. அது எனக்குத் தெரியும். அழிக்கத்தான் போனேன். அதற்குள் அடுத்தது வந்தது.

‘முதல்ல கம்பத்துல பட்டுச்சு. அப்புறம் மெதுவாத் திரும்பி உள்ள போச்சு. இல்ல?’

அந்த ஆப்பில் கம்பத்துக்குப் பட்டனே இல்லை என்று நீ எழுதியிருந்தாய். உன் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது. அவன் ஏதோ குருட்டாம்போக்கில் சொல்லியிருக்கலாம். எல்லாக் கோல்களும் எங்கேயாவது பட்டுத்தான் போகும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

நடக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான். இது மிஸ் காடார்டுக்குத் தெரிந்தால் அந்தக் கையெழுத்துக்கும் தேர்வுக்கும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கதவுக்கு வெளியே பப்பா நடந்து போனார், படுக்கத்தான், நாற்காலிக்கு அல்ல. விளக்கை அணைத்தேன். போன் வெளிச்சத்தில் அந்த வரியை இன்னொரு முறை படித்தேன்.

ஒரே ஒரு வார்த்தை பதில் எழுதி அனுப்பினேன்.

‘ஆமா.’

செட்டா